ஆச்சியின் அவரை விதை

வீட்டுத் தோட்டம் பற்றி எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. எனக்குத் தோட்டம் என்றாலே ஆச்சியின் தகர டப்பாதான் ஞாபகம் வருகிறது.

அதில் கொடி அவரை விதை இருக்கும். ஆச்சி பிறந்த வீட்டு விதை. சாம்பலில் புரட்டி வைத்திருப்பாள். ஆடியில் போட்டு மாசியில் மறுபடி விதை எடுப்பாள். போன வருஷம் இருந்தது இருபதே விதை. முழுப்பரீட்சை லீவில், சித்திரை வெயிலில், கேட்காமலே பன்னிரண்டை எடுத்துப் புறவாசலில் ஊன்றிவிட்டேன். லீவு முடியுமுன் காய் பறித்துக் காட்டலாம் என்று நினைப்பு!

மண் செங்கல் மாதிரி கிடந்தது. கொத்தவில்லை. பக்கத்துத் தொழுவத்தில் பச்சைச் சாணியை அள்ளி வந்து குழி நிறையப் போட்டு, இரண்டு வேளையும் குடம் குடமாய்த் தண்ணீர் விட்டேன். ஒன்பது விதை அழுகிப் போச்சு. மூன்றுதான் முளைத்தது.

ஆச்சி டப்பாவைத் திறந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மிச்சம் எட்டையும் உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை எண்ணினாள். "பச்சைச் சாணி சூடுலே. மக்கணும்" என்றாள், அவ்வளவுதான்.

முளைத்த மூன்றும் முருங்கை மரத்தில் ஏறி ஒரே இலையாய் அடைத்துக்கொண்டது. பூவே இல்லை. "வெட்டிப் போடுலே" என்றார் அப்பா. "நிக்கட்டும்" என்றாள் ஆச்சி.

ஆடி பிறந்ததும் என்னையே குழி தோண்டச் சொன்னாள். முழ அகலம், முழ ஆழம். மண்ணை நாலு நாள் வெயிலில் போட்டோம். பிறகு மண் இரண்டு கூடை, மக்கிய எரு ஒரு கூடை, ஆற்று மணல் ஒரு கூடை. எரு மக்கியதா என்று மோந்து பார்க்கணுமாம். சாணி நாற்றம் போய், மழை பெய்த மண் வாசனை வரணும். விதை ஒரு விரல்கடை ஆழம்தான். எட்டில் ஏழு முளைத்தது! ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினேன்.

கார்த்திகையில்தான் அதிசயம். சித்திரைக் கொடியும் ஆடிக் கொடியும் ஒரே வாரத்தில் பூத்தது. சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். நாட்டு அவரை குறும்பகல் தாவரம், பகல் குறைந்தால்தான் பூக்கும் என்றார்கள். நம்ம ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அது கொடிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. (செடி அவரை என்று கடையில் விற்கிறார்களே, அது எந்தப் பட்டத்திலும் காய்க்குமாம். ஆச்சிக்கு அது பிடிக்காது.)

மார்கழியில் கொழுந்தெல்லாம் கறுப்பாய் அசுவினி. எறும்பு வரிசையாய் ஏறினால் மேலே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். அடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தோடு தூவினால்தான் ஒட்டும். அதற்காக விடியக்காலை ஐந்தரைக்கு எழுந்தேன். (அம்மா இன்னும் நம்பவில்லை.)

பொங்கல் குழம்புக்கு எங்கள் காய்தான். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம், சாணிக்குப் பதிலாக! நல்ல காய்களின் காம்பில் மட்டும் ஆச்சி துணி கட்டி, "இதுல கை வைக்காதே" என்றாள். மாசியில் அவை காய்ந்து சலசலத்தன. உரித்து எண்ணினேன், அறுபத்து மூன்று விதை. பன்னிரண்டைத் தனியே எடுத்து, "இந்தா ஆச்சி, உன் கடன்" என்று நீட்டினேன்.

ஆச்சி வாங்கவில்லை. என் பழைய ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டுவரச் சொல்லி, கொஞ்சம் சாம்பல் போட்டு, அந்தப் பன்னிரண்டையும் அதில் வைத்தாள்.

"இது உன் டப்பா. ஆடிக்கு முன்னால திறந்தே, தெரியும் சேதி."

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு