ரங்கூன் கடையில் ஒரு மாலைப்பொழுது

பர்மா என்னும் பெயரை நான் முதன்முதலிற் கேட்டது எங்கள் வீட்டு அடுக்களையிலேதான். கல்லடியில், வாவிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள அந்த வீட்டில் அரிசி களையும்பொழுதெல்லாம், "ரங்கூன் அரிசி நின்றுபோன வருஷத்திலே..." என்று என் தாயார் ஒரு கதையைத் தொடங்குவார். அவர் குறிப்பிட்ட வருஷம் 1942. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றிற்று. அக்காலத்தில் இலங்கையர் உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்ததாகும். அது ஒரேயடியாக நின்றது. அடுத்த மாதம் 9 ஆம் திகதி, 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் எங்கள் மட்டக்களப்புக் கடலிலேயே மூழ்கடித்தன. நெல் விளையும் படுவான்கரைக்கு எதிர்க்கரையில் வாழ்ந்தும் அரிசிக்குக் கூப்பன் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சிறுமிப் பருவத்தை அம்மா இறுதிவரை மறக்கவேயில்லை.

ஆகவே, பர்மா என்றால் எனக்கு அரிசி. அப்பெயருக்குப் பின்னால் நம்மைப்போல் தமிழ் பேசும் ஒரு மக்கட்கூட்டத்தின் கதையும் உண்டு என்பதை, எழுபது வயதைக் கடந்தபின், சென்னையில் ஒரு சாப்பாட்டு மேசையில் அமர்ந்துதான் உணர்ந்தேன்.

நான் சென்னைக்குச் சென்றது என் தங்கையை அழைத்துவர. மட்டக்களப்புப் பகுதியின் வழக்கத்தை வாசகர் அறிவர். இங்கே தாயின் வீடு மகளுக்கே சேரும். ஆண்மக்கள் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குச் சென்றுவிடுவர். அம்முறைப்படி கல்லடி வீடு என் ஒரே தங்கைக்கு உரியது. அவளோ கணவருடைய தொழிலின் பொருட்டு மன்னாரில் குடியிருந்தாள். 1990 ஆம் ஆண்டிலே மீண்டும் போர் மூண்டபொழுது, கைக்குழந்தையுடன் படகேறி இராமேசுவரம் சேர்ந்தாள். சில காலம் மண்டபம் முகாம். பின்னர் சென்னையில் வாடகை வீடு. அங்கிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும், "இப்போதைக்கு இங்கேதான் இருக்கிறோம்" என்றே முடிப்பாள். அந்த 'இப்போதைக்கு' முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இடையிற் கணவரையும் இழந்தாள்.

வீட்டை நான் காத்துவந்தேன். 1978 ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியிற் கூரை பறந்தபொழுது என் தகப்பனார் மறுபடி வேய்ந்தார். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மதில் விழுந்தபொழுது நான் எழுப்பினேன். இனி ஏணியில் ஏற என்னால் இயலாது. உரியவளிடம் ஒப்படைத்துவிடவேண்டும், முடிந்தால் கையோடு அழைத்து வந்துவிடவேண்டும் என்ற எண்ணத்துடன், காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு விமானமேறினேன்.

இரண்டு நாளாகப் பேச்சைத் தொடங்க வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவளே, "அண்ணா, நீங்கள் ஒருநாளும் சாப்பிடாத சாப்பாடு ஒன்று வாங்கித் தருகிறேன், வாருங்கள்" என்று பாரிமுனைப் பக்கம் அழைத்துச் சென்றாள்.

அங்கே பர்மா பஜார் இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பிழைப்பதற்காக 1969 ஆம் ஆண்டில் ஏற்பட்ட கடைத்தெரு அது. அதற்கு அணித்தாக, மாலை வேளையிற் பர்மிய உணவு விற்கும் கடைகள் வரிசையாக விளக்கேற்றுகின்றன. நாங்கள் நுழைந்த கடை மிகச் சிறியது, நாலே மேசைகள். பணப்பெட்டியருகில் மூதாட்டி ஒருவர். அகன்ற பாத்திரத்தின் முன்னே அவருடைய மகன். கொதிக்கும் சாற்றுப் பானையருகே மருமகள். தட்டு எடுத்துவரப் பேரப்பிள்ளை. ஒரு குடும்பம் முழுவதும் அந்தச் சிறு இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் இடியாமல் இயங்கிய அழகே பசியைத் தூண்டிற்று.

முதலில் வந்தது 'அத்தோ'. பர்மிய மொழியிற் கையாற் கலந்து பிசைவதை 'தொக்' என்பார்களாம். அச்சொல் தமிழ் நாவில் அத்தோ ஆயிற்று. செம்மஞ்சள் நிறமான நூலப்பம் போன்ற பண்டம். அதனுடன் மெல்லியதாக அரிந்த கோவா, வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு மணக்கும் எண்ணெய், புளிக்கரைசல், இடித்த மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி. இறுதியில் 'பேஜோ' என்னும் மொறுமொறுப்பான பொரியலை நொறுக்கித் தூவுகிறார்கள். அடுப்பிற் கிளறாமல், மகன் தன் கையாலேயே பிசைந்து தந்தார். புளிப்பும் உறைப்பும் ஒருசேர நாவில் ஏறின.

பக்கத்திற் சிறு கிண்ணத்தில் வாழைத்தண்டுச் சாறு வந்தது. அதை ஒரு வாய் குடித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ ஒன்று குறைவதுபோலிருந்தது. என் முகத்தைப் பார்த்த மூதாட்டி சிரித்தார்.

"ஐயா சிலோனா? மீன் தேடுறீங்க போலிருக்கு! எங்கம்மா ரங்கூன்ல கெளுத்தி மீன் போட்டுத்தான் காய்ச்சுவாங்க. இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு மீன் வேணாம்னாங்க. விட்டுட்டோம்."

மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சம்புல்லும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை மெல்லிய அரிசி நூலப்பத்தின் மேல் ஊற்றி உண்பதே பர்மியரின் காலையுணவு. 'மொகிங்கா' என்பது அதன் பெயர். இடியப்பத்தின் மேல் மீன் சொதியை ஊற்றி உண்டு வளர்ந்த எனக்கு அது எவ்வளவு நெருங்கிய உறவு!

அம்மையார் தம் கதையைச் சொன்னார். வயல் வேலைக்கும், அரிசி ஆலைக்கும், துறைமுகத்துக்கும், வட்டித் தொழிலுக்கும் தமிழர் கூட்டங்கூட்டமாகப் பர்மாவுக்குச் சென்ற காலத்தில் அவருடைய பாட்டனார் சென்றாராம். அம்மாவை வரிசையில் நிறுத்திய அந்த ரங்கூன் அரிசியின் மூட்டையை இவர்களின் முன்னோர் யாரேனும் சுமந்திருக்கக்கூடும் என்று எண்ணினேன். 1942 இல் இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்ப முயன்றனர். பல்லாயிரவர் வழியிலே மாண்டனர். அதிலும் தப்பி அங்கேயே இருந்த குடும்பம் இது. 1962 இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு முதல் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெறுங்கையோடு கப்பலேறினர். அம்மையார் அப்பொழுது பத்து வயதுச் சிறுமி.

"எங்கப்பா கண்ணை மூடுற வரைக்கும், 'இப்போதைக்கு இந்தக் கடையைப் பாத்துக்குவோம், நிலைமை சரியானதும் ரங்கூனுக்குப் போயிடலாம்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்ப என் பேரன் தட்டு எடுக்குறான்."

'இப்போதைக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தலை நிமிராமல் வாழைத்தண்டின் நாரை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போக எவரும் முயலவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"போனாங்க. மணிப்பூர் வழியா நடந்தாங்க. எல்லையில மறிச்சுட்டாங்க" என்றார். அவ்விதம் மறிக்கப்பட்டோரிற் பலர் எல்லையோரத்து மோரே என்னும் ஊரிலேயே தங்கி, கோயிலும் தமிழ்ச் சங்கமும் அமைத்துக்கொண்டது வரலாறு.

என் தங்கை பல ஆண்டுகள் அருகிலுள்ள ஒரு கடையிற் கணக்கெழுதியவள். மாலைதோறும் பிள்ளைகளுக்கு இங்கேதான் பொட்டலம் கட்டி வாங்கிச் செல்வாளாம். அந்தப் பிள்ளைகளுக்குத் தாயூர்ச் சுவை என்றால் வாவி இறாலும் எருமைத் தயிருமா, இந்த அத்தோவா? விடை எனக்குத் தெரிந்தே இருந்தது.

கடற்கரை நிலையத்திலிருந்து மின்வண்டியில் திரும்பும்பொழுது உறுதியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வீட்டைப் பூட்டியா வைத்திருக்கிறீர்கள், அண்ணா?"

"உனக்காகத்தான்."

"பூட்டி வைக்காதீர்கள். இறைக்காத கிணறு ஊற்றடைந்துபோகும் என்று அம்மா சொல்லுவாவே! பிள்ளைகுட்டி உள்ள யாரையாவது குடிவையுங்கள். என் பேரப்பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். நான் வருவேன், ஆனால் வந்து திரும்புவேன்."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். இத்தனை ஆண்டுகள் காவல் காத்தது யாரோ ஒரு வாடகைக்காரருக்காகவா என்று மனம் பொருமிற்று. அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. விடியும் வேளையில், மீனில்லாத அந்தச் சாறு நினைவுக்கு வந்தது. ரங்கூனில் இருந்தபடியே இங்கும் இருக்கவேண்டும் என்று அந்தக் குடும்பம் பிடிவாதம் பிடித்திருந்தால் கடையே நிலைத்திராது. மீனை விட்டார்கள், சாற்றை விடவில்லை. தங்கையும் எதை விடுவது, எதை விடாதிருப்பது என்று எப்பொழுதோ முடிவு செய்துவிட்டிருந்தாள். அதை எனக்குச் சொல்லத்தான் அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றாள்போலும்.

ஊர் திரும்பியதும் கிணற்றை இறைத்தேன். இப்பொழுது கல்லடி வீட்டில் இளம் ஆசிரியத் தம்பதியர் இரு குழந்தைகளுடன் குடியிருக்கின்றனர். மாலையில் அவ்வழியே போனால் அடுக்களையிலிருந்து புகை எழுவது தெரிகிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு வருவதாகத் தங்கை எழுதியிருக்கிறாள். வாழைத்தண்டும் வாவி மீனும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள்; அந்த மூதாட்டியிடம் பழைய கைப்பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறாளாம். கடிதத்தின் முடிவில் வழக்கமான அந்தச் சொல்லை இம்முறை காணவில்லை.