மொதல்ல சும்மா நில்லு

குள்ளஞ்சாவடி எங்க இருக்குன்னு சென்னைக்காரங்க கேட்டா "நெய்வேலி பக்கம்"னு சொல்லிடுவேன். நெய்வேலிக்காரங்களே கேட்டா "குறிஞ்சிப்பாடி தாண்டி, கடலூர் போற வழி"ம்பேன். பஸ்ல தூங்கிட்டு வர்றவங்களுக்கு ரெண்டு பக்கமும் முந்திரித் தோப்பா தெரியும், அவ்வளவுதான். ஆனா முதலுதவிங்கிற விஷயத்தைப் பத்தி யோசிக்கறதுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. தோப்புல பாம்பு. ரோட்டுல ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு தூக்கக் கலக்கத்துல வர்ற பைக். முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டுல கையைப் பொத்துப்போக வைக்கிற அந்தக் கொட்டை எண்ணெய். பெரிய ஆஸ்பத்திரின்னா ஒண்ணு கடலூர் போகணும், இல்லைன்னா நெய்வேலி போகணும். நடுவுல இருக்கிற அந்த நேரத்துக்கு டாக்டர் யாருன்னா, பக்கத்துல நிக்கிற ஆளுதான்.

பக்கத்துல நிக்கிற ஆளுக்குப் பஞ்சமே இல்லைங்க. எங்க ஊர் சனங்களைப் பத்தி என்ன குறை வேணா சொல்லலாம், அடிபட்டவனைப் பாத்துட்டு சும்மா போறவங்கன்னு சொல்ல முடியாது. ஒருத்தர் விழுந்தா பத்து பேர் ஓடி வருவாங்க. ஒருத்தர் சோடா உடைப்பார், ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில திணிப்பார், ஒரு அக்கா காபித்தூள் டப்பாவோட வரும். பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

நான் முதலுதவி கத்துக்கிட்டது சேவை மனப்பான்மையில எல்லாம் இல்லை. ஒரு கம்பெனியில வேலையில இருந்தப்ப பேர் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். அப்போ இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்கணும், அந்தப் பெட்டிக்குப் பொறுப்பா சான்றிதழ் வாங்கின ஆள் ஒருத்தர் இருக்கணும். அந்த ஒருத்தரா நான் மாட்டினேன். ரெண்டு நாள் வகுப்பு, மத்தியானம் சாப்பாடு, வேலைக்குப் போக வேண்டாம். கசக்குமா? :-)

சொல்லிக்குடுக்க வந்தவர் சுரங்கத்துல பாதுகாப்பு வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். கட்டு போடறது எப்படின்னு ஆரம்பிப்பார்னு பாத்தா, மனுஷன் மொதல்ல கேட்டது இதுதான். "ஒருத்தன் மோட்டார் பக்கத்துல விழுந்து கிடக்கான். என்னடா பண்ணுவீங்க?" நாங்க எல்லாரும் கோரஸா "தூக்குவோம் சார்". "தூக்குங்க, அடுத்து உங்களைத் தூக்க ஆள் தேடறேன்"னார். கரண்ட் ஓடுதான்னு பாக்காம தொட்டா ரெண்டாவது பொணம் நீதான். மொதல்ல சும்மா நில்லு. அஞ்சு எண்ணு. சுத்திப் பாரு. மெயினை அணைக்க முடியுமா பாரு. அப்புறம் கிட்டப் போ. ரெண்டு நாளும் அந்த மனுஷன் திரும்பத் திரும்பச் சொன்னது, எதைச் செய்யணும்ங்கிறதைவிட எதைச் செய்யக் கூடாதுங்கிறதுதான். இப்ப யோசிச்சா முதலுதவிங்கிறதே முக்கால்வாசி அதுதான்னு தோணுது.

(இங்கிலீஷ்ல இந்த வார்த்தையோட கதை சுவாரசியமானது. 1878ல லண்டன் பக்கத்துல வுல்விச்ல, பீட்டர் ஷெப்பர்டுன்னு ஒரு ராணுவ டாக்டரும் பிரான்சிஸ் டங்கன்னு ஒரு அதிகாரியும் பொதுமக்களைக் கூட்டி வச்சு வகுப்பு எடுத்தாங்க. டாக்டர் இல்லாத ஆளுங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்குடுக்கலாம்ங்கிறதே அன்னைக்குப் புதுசு. அடுத்த வருஷமே ஷெப்பர்டு தென்னாப்பிரிக்காவுல இசாண்டல்வானா சண்டையில செத்துப் போனார். வகுப்பு நிக்கலை.)

சரி, ஊருக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 தானே புயலை எங்க பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. முந்திரி, பலா எல்லாம் ஒரே நாள்ல வேரோட சாய்ஞ்சுது. 2012 கோடை வரைக்கும் விழுந்த மரங்களை அறுக்கிறதும் அடுக்கறதும்தான் வேலை. அடுக்கின விறகுக்குக் கீழ யாரு குடியிருப்பாங்கன்னு சொல்லணுமா? தெரிஞ்ச பெரியம்மா ஒருத்தங்க விறகு எடுக்கக் குனிஞ்சப்ப கணுக்கால்ல கடிச்சிடுச்சு. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நான் சத்தம் கேட்டு ஓடினப்ப, அவங்க பையன் ஒரு கையில கயிறு, ஒரு கையில பிளேடு.

"அண்ணே, காலைப் புடிண்ணே, கீறி ரத்தத்தை வுட்டுடலாம்."

"பிளேடைக் கீழ போடுப்பா. கயிறையும் போடு."

கேக்கிறவன் இல்லை அவன். அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது. நாம பாத்த சினிமா எல்லாத்துலயும் ஹீரோ கட்டுவான், கீறுவான், வாய் வச்சு உறிஞ்சித் துப்புவான். மூணுமே தப்பு. இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு காலே அழுகிடலாம். கண்ணாடி விரியன் கடிச்ச உடம்புல ரத்தம் உறையற தன்மை போயிடும். அந்த நேரத்துல பிளேடால கீறினா வர்ற ரத்தம் நிக்கவே நிக்காது. உறிஞ்சினா விஷம் வராது. (ஏற்கனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தா நாம படக்குன்னு அவுத்துடவும் கூடாது. அதை ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்துக்கட்டும்.)

பெரியம்மாவை அப்படியே படுக்க வச்சோம். மெட்டி, கொலுசைக் கழட்டினோம். வீங்க ஆரம்பிச்சுட்டா அதுவே கயிறு மாதிரி இறுக்கும். காலை அசைக்காம ஒரு தென்னமட்டையை வச்சு, துண்டால தளர்வா கட்டினோம். ஒரு அடி கூட நடக்க விடலை. கடிச்ச நேரத்தை ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டேன். பாம்பைத் தேடி அடிக்கக் கிளம்பின நாலு பேரைத் திருப்பிக் கூப்பிட்டோம். பாம்பைக் கொண்டுபோய்க் காட்டணும்னு அவசியமே இல்லை, தேடப் போனவனையும் கடிச்சா கணக்கு ரெண்டாகும்.

அப்பதான் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் "மந்திரிச்சிட்டுப் போயிடலாம்"னு வழியில நின்னார். அவர் கையால மந்திரிச்சுப் பிழைச்சவங்க பேரா சொல்றார். பொய் சொல்லலை அவர். விஷமில்லாத பாம்புங்கதான் நிறைய. விஷப்பாம்பு கடிச்சாக்கூட சில சமயம் விஷம் இறங்கறதில்லை. அவங்க மந்திரிக்காமலும் பிழைச்சிருப்பாங்க. ஆனா இந்த விஞ்ஞான வகுப்பை எடுக்க அதுவா நேரம்? "தாத்தா, நீங்களும் வண்டியில ஏறுங்க, போற வழியெல்லாம் மந்திரிச்சிட்டே வாங்க"ன்னேன். முறைச்சார். ஏறிட்டார். குட்டியானை வண்டியில பெரியம்மாவைச் சாய்வா படுக்க வச்சு நேரா கடலூர் அரசு ஆஸ்பத்திரி.

அங்க ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து இருபது நிமிஷம் அசைக்காம வச்சாங்க. சாய்ச்சுப் பாத்தா தண்ணி மாதிரி ஓடுது, உறையலை. உடனே விஷமுறிவு மருந்து, ஆரம்பமே பத்து பாட்டில். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க. அந்த மருந்தோட ஊத்துக்கண்ணும் நம்ம ஊர்தான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978லேர்ந்து இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலோட விஷத்தையும் அவங்க எடுத்துக் குடுக்க, மருந்துக் கம்பெனியில அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அது ரத்தத்துலேர்ந்து முறிவு மருந்து எடுப்பாங்க. இதுல கட்டுவிரியன் மட்டும் தனிக் கேஸ். ராத்திரியில பாயில படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும், பல்தடம் கூடத் தெரியாது, வலிக்காது. விடிகாலையில வயித்துவலி, கண் இமை தூக்க முடியலைன்னா கேஸ் டிரபிள்னு நினைக்காம ஓடணும்.

2000லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம்னு ஒரு ஆய்வு கணக்கு சொல்லுது. வருஷத்துக்கு 58,000. நம்ம அரசாங்கம் 2024 நவம்பர்லதான் பாம்புக்கடியைக் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேத்துச்சு.

ரோட்டு விஷயம் வேற மாதிரி. இங்க அறியாமையைவிட பயம்தான் பெருசு. "தொட்டா போலீஸ் கேஸ், கோர்ட்டுக்கு அலையணும்." இந்தப் பயம் சும்மா வந்ததில்லை, ஒரு காலத்துல அலைஞ்சவங்க இருக்காங்க. ஆனா 1989லயே, எந்த ஆஸ்பத்திரியும் போலீஸ் வரட்டும்னு அடிபட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உதவி செஞ்சவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்கிற விதிமுறைகளுக்கு 2016 மார்ச்ல ஒப்புதல் குடுத்துச்சு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல 134ஏன்னு தனிப் பிரிவாவே வந்தாச்சு. நல்லெண்ணத்தோட உதவப் போய் ஏதாவது ஆனாலும் உங்க மேல வழக்கு கிடையாது. உங்க பேரைச் சொல்லணும்னு கட்டாயமும் கிடையாது. 2021 டிசம்பர்ல வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரத்துச் செலவை அரசாங்கமே பாத்துக்குது, தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியல்ல இருக்கு. வெளி மாநிலத்து லாரி டிரைவரா இருந்தாலும் சரி. இதை டீக்கடையில சொன்னா இன்னமும் பாதிப் பேர் நம்பறதில்லை.

ஒருநாள் ராத்திரி பத்தரை மணி. செகண்ட் ஷிப்ட் முடிச்சு வந்த ஒரு தம்பி மணல்ல சறுக்கி விழுந்துட்டான். நான் போறதுக்குள்ள கூட்டம். சோடா தயார். மயக்கத்துல இருக்கிறவன் வாயில எதை ஊத்தினாலும் அது நுரையீரலுக்குப் போக வாய்ப்பு இருக்கு. அதுபோக அவசர ஆபரேஷன்னா வயிறு காலியா இருக்கிறது நல்லது. இன்னொரு கூட்டம், கையை ரெண்டு பேர் காலை ரெண்டு பேர் பிடிச்சு ஆட்டோவுல போட ரெடி. கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா அந்தத் தூக்கல்லயே கைகால் விளங்காம போயிடும். தொடையில ரத்தம் கொட்டுது. சுத்தமான வேட்டியை மடிச்சு வச்சு என் முழு பலத்தோட அமுக்கினேன். எடுத்து எடுத்துப் பாக்கலை. துணி நனைஞ்சா மேலயே இன்னொரு துணி. ஒரு பையனை விட்டு, தலையை ரெண்டு கையாலயும் அசையாம பிடிச்சுக்கச் சொன்னேன். அந்தப் பையன் 108 வர்ற வரைக்கும் கண்ணைக் கூட சிமிட்டலைன்னு நினைக்கிறேன். என்ன செய்யணும்னு ஒருத்தர் சொன்னா போதும், நம்ம ஆளுங்க செய்வாங்க.

காபித்தூள் அக்காவைச் சொன்னேன் இல்லையா. ரத்தக் காயத்துக்கு காபித்தூள், தீக்காயத்துக்கு இங்க், பேஸ்ட், இட்லி மாவு. 2020 ஜூலை 1 நெய்வேலி ரெண்டாவது அனல்மின் நிலையத்துல பாய்லர் வெடிச்சு அன்னைக்கே 6 பேர் போயிட்டாங்க, அப்புறம் ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தரா எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. அதுக்கப்புறம் எங்க பக்கத்துல தீக்காயம்னா எல்லாருக்கும் அடிவயிறு கலங்கும். அவ்வளவு பெரிய காயத்துக்கு நம்மால ஆவது கொஞ்சம். ஆனா வீட்டுல குழந்தை மேல சாம்பார் கொட்டினா, குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டறதுதான் வைத்தியம். ஐஸ் வேணாம். ஒட்டின துணியைப் பிய்க்க வேணாம். மாவை அப்பினா டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கணும், குழந்தை ரெண்டு தடவை துடிக்கும். முந்திரி எண்ணெய் பட்டாலும் சோப்பு போட்டு நல்லா கழுவறதுதான் மொத வேலை. வலிப்புக்கு சாவிக்கொத்தும் வேணாம், பக்கத்துல இருக்கிற கல்லை நகர்த்திட்டு, வலிப்பு அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

இதெல்லாம் எழுதறப்போ என் மனசுல நிக்கிறது வேற ஒண்ணு. 2022 ஜூன் 5, நெல்லிக்குப்பம் பக்கம் அ.குச்சிப்பாளையத்துல கெடிலம் ஆத்துல குளிக்கப் போன 7 பேர், எல்லாரும் பெண்கள், சின்னப் பொண்ணுங்களும் உண்டு, ஒரே நாள்ல போயிட்டாங்க. ஆழத்துல சிக்கினவங்களைக் காப்பாத்தப் போனவங்களும் அதுல சேர்ந்துதான் அந்த ஏழு. அவங்களுக்கு இல்லாதது அன்பா, தைரியமா? முங்கறவங்க கையில கிடைக்கிறதை இறுக்கிப் பிடிப்பாங்க, நீச்சல் தெரிஞ்சவனையே கீழ இழுத்துடுவாங்க. கரையில நின்னு சேலையை வீசலாம். துணி துவைக்கக் கொண்டுவந்த காலி பிளாஸ்டிக் குடத்தைக் கவுத்துத் தள்ளலாம். மூடி போட்ட காலி தண்ணி கேன் ஒண்ணு ஒரு ஆளையே மிதக்க வைக்கும். நீட்டு, வீசு, இறங்காதே. இந்த மூணு வார்த்தையை அந்தக் கரையில யாராவது ஒருத்தருக்கு ஒரு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருந்தா? அல்ஜீப்ரா நடத்தின பீரியட்ல ஒண்ணே ஒண்ணு போதுமே.

வகுப்புக்குப் போக வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் நடத்தறாங்க. ரப்பர் பொம்மை மேல கையை வச்சு நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, ரெண்டு அங்குல ஆழத்துக்கு நெஞ்சை அமுக்கிப் பாத்தாதான் ரெண்டே நிமிஷத்துல தோள்பட்டை கழண்டுடும்ங்கிறது தெரியும். அமுக்க அடுத்த ஆளைத் தயாரா வச்சுக்கணும்ங்கிறதும் அப்பதான் புரியும். படிச்சா வராது இது.

அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணு. 108ஐக் கூப்பிட்டா பதட்டத்துல "சீக்கிரம் வாங்க"ன்னு கத்திட்டு வச்சுடாதீங்க, அவங்க வைக்கட்டும். "குள்ளஞ்சாவடி"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. ஸ்டாப்பிங்லேர்ந்து கடலூர் போற பக்கமா வடலூர் போற பக்கமான்னு சொல்லுங்க. முடிஞ்சா ஒரு பையனை செல்போன் டார்ச்சோட ரோட்டு முனையில நிக்க வைங்க. தோப்புக்குள்ள எல்லாப் பாதையும் ஒரே மாதிரிதான் இருக்கும், ராத்திரியில டிரைவருக்கு எது தெரியும்?