ஆட்டம் ஓய்ந்த பின்

கற்பிட்டியில் எங்கள் கரப்பந்துத் திடல் கடலுக்கு மிக அண்மையில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மேலெழுந்த பந்து எங்கே விழும் என எவராலும் அறுதியிட்டுக் கூறவியலாது. அக்காற்றையும் மீறி அடிக்கவல்லவன் என்று ஒருகாலத்திற் பெயர் பெற்றிருந்தேன். தோள்மூட்டுப் பழுதுபட்டு என் ஆட்டம் நின்றபோது, “சிறுவர்களுக்காவது பழக்கிவிடு, தம்பி” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அந்த ‘ஆவது’ என்னைச் சுட்டது. மறுத்துவிட்டேன்.

பயிற்றுநர் எனப்படுபவர் ஆடமுடியாது போனவரே என்ற என் எண்ணத்தை அசைத்தவர், எனக்குப் பழக்கமில்லாத ஆட்டமொன்றைச் சேர்ந்தவர்: சென்னை ரமேஷ் கிருஷ்ணன். (ரெனிஸ் பந்தைக் கிரிக்கெட் ஆடுவதற்கே நாங்கள் அறிவோம்.) 1979இல் விம்பிள்டனிலும் பிரெஞ்சுப் போட்டியிலும் இளையோர் பட்டங்களை வென்று தொழில்முறை ஆட்டத்துட் புகுந்த அவருக்கு, ‘சேர்வ்’ எனும் தொடக்க அடியில் வேகம் இருந்ததில்லை. இடியென அடித்தோர் கோலோச்சிய காலம் அது. இவரோ எதிரியின் வேகத்தையே கடன்வாங்கி, பந்தை அவன் எட்டாத மூலையில் மெல்ல வைத்தார். 1986இல் விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். 1987இல் சிட்னியில், டேவிஸ் கிண்ண அரையிறுதியின் முடிவைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் வொலி மசூரை வீழ்த்தி இந்தியாவை இறுதிக்குக் கொண்டுசென்றார். இறுதியிற் சுவீடனே வென்றது. ஆயினும் 1989இல் அவுஸ்திரேலியப் போட்டியில் இவரிடம் தோற்றவர், அந்நாட்டவரும் அன்றைய உலக முதல்வருமான மற்ஸ் விலாண்டர்!

1993இல் ஆட்டத்தை விட்ட ரமேஷ், 1995இல் தந்தை இராமநாதன் கிருஷ்ணனோடு சேர்ந்து சென்னையிற் பயிற்சி நிலையம் தொடங்கினார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி கண்ட அத்தந்தைக்கும் அவருடைய தந்தையே ஆசான். அக்குடும்பத்திற் கற்பித்தல் ஆட்டத்தின் மிச்சமாக இருந்ததில்லை.

வலிமை குறைந்தவன் தன் ஒவ்வோர் அடியையும் எண்ணியே அடிக்க வேண்டியிருக்கிறது. எண்ணியதைச் சொல்லிக்கொடுக்கவும் கூடும். என்னிடமோ தோள் மட்டுமே இருந்தது.

இரண்டாண்டு கழித்துத் திடலுக்குச் சென்றேன். “சேர், எழும்புமுன் எங்கே பார்ப்பீர்கள்? பந்தையா, மறுபக்கத்தையா?” என்று கேட்டான் ஒரு பையன். இருபதாண்டு ஆடிய எனக்கு விடை தெரியவில்லை. வலது தோள் உயராததால் இடக்கையாற் பந்தை எறிந்து அவனை எழும்பச் சொல்லி, அவன் கண்களைக் கவனித்தேன்.