கை தட்டாதவர்கள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க இசைக்குழு 1965ல் ஆரம்பித்து 1995ல் முடிந்துபோயிற்று. கிதார் வாசித்துப் பாடிய ஜெர்ரி கார்ஸியா அந்த வருஷம் ஆகஸ்டில் இறந்தார். மிஞ்சியவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். முப்பது வருஷத்தில் சுமார் 2300 கச்சேரிகள். ஸ்டுடியோவில் செய்த ஆல்பங்களைக் கொண்டு இவர்களை எடைபோட முடியாது என்பதை இவர்களுடைய ரசிகர்களே முதலில் ஒப்புக்கொள்வார்கள். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968ல் தனி இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. 1969ல் வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிஷம். ராபர்ட் ஹண்டர் எழுதிய சொற்கள் கொஞ்சம்தான். ரில்கேயின் துயினோ எலிஜிகளைப் பின்னால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே ஹண்டர். மீதி நேரமெல்லாம் சொல்லுக்கு வெளியே நடக்கிறது. அடுத்த கச்சேரியில் அது வேறொன்றாக இருக்கும். பாட்டு எது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த ராத்திரி என்று கேட்க வேண்டும்.

ஆகவே இவர்களுடைய ரசிகர்கள் இருவர் சந்தித்தால் தேதிகளால் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து, ஐந்து-எட்டு-எழுபத்தேழு என்பார் ஒருவர். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். கச்சேரி முடிந்து வெளியே வந்தால் பனி பெய்துகொண்டிருந்தது, மே மாதத்தில்! அங்கே இருந்தவர்கள் அந்தப் பனியைச் சொல்லாமல் விடுவதில்லை. இன்னொருவர் 1972 ஆகஸ்ட் 27 என்பார். ஆரிகன் மாநிலத்தில் வெனீட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், வெயிலில் கிதார்கள் சுருதி விலகிக்கொண்டே இருந்த நாள். கேட்டுக்கொண்டு போனால் வண்டி வழியில் நின்றது, பக்கத்தில் ஆடியவள் தண்ணீர் கொடுத்தது, விளக்கை அணைத்ததும் கூட்டம் போட்ட சத்தம் எல்லாம் வருகிறது. இசையைப் பற்றி அநேகமாக ஒன்றும் வருவதில்லை. வந்தாலும், 'என்னவோ நடந்தது' என்பதற்கு மேல் போவதில்லை.

இதை இளக்காரமாகப் பார்ப்பது எளிது. விமர்சனப் பயிற்சி உள்ளவர்களுக்கு இன்னும் எளிது. இது ரசனை அல்ல, வெறும் சுயசரிதை என்று தள்ளிவிடலாம். ஆனால் இந்த இசையை நடத்தியதில் கேட்டவர்களுக்கும் பங்கு இருந்தது. பாட்டை நீட்டுவதா, அடுத்ததற்குள் நழுவுவதா என்பது அன்றைக்கு எதிரே இருந்த கூட்டத்தைப் பொறுத்தும் அமைந்தது. மேடையில் நடந்தது பாதி என்றால், மறு பாதிக்கு இந்தப் பனியையும் வெயிலையும் தவிர வேறு சாட்சி கிடையாது.

மேடைப் பாதிக்கு டேப் இருக்கிறது. ரசிகர்கள் ரெக்கார்டர் கொண்டுவந்து பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே மைக் கம்பங்கள் காடாக முளைத்துப் பார்வையை மறைத்தபோது, 1984 அக்டோபரில் பெர்க்லியில் தொடங்கி, ஒலி அமைப்பாளரின் மிக்ஸருக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனியிடம் ஒதுக்கிக் கொடுத்தது. டேப்பை விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான். வெற்றுக் காஸெட்டும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் தெரியாதவர் பிரதி எடுத்து அனுப்புவார். இன்றும் வருகிற 'ரெலிக்ஸ்' பத்திரிகை, 1974ல் இந்தப் பரிவர்த்தனைக்கான தகவல் தாளாகத்தான் ஆரம்பித்தது. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். நாலாம் தலைமுறைக் காஸெட்டில் கார்ஸியா மழைக்குள் நின்று பாடுவார்.

டேப் வந்ததும் கூடவே தரவரிசையும் வந்தது. கார்னெல் கச்சேரிதான் தலைசிறந்தது என்ற அபிப்பிராயம் பரவியதற்கு ஸ்தூலமான காரணம் ஒன்று உண்டு. அதைக் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கான்டர்-ஜாக்ஸன் மிகத் தெளிவாகப் பதிவு செய்திருந்தார். அவர் டேப்புகள் 1986ல் ஏலத்தில் போய், பிறகு பிரதிகளாகக் கைமாறின. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011ம் வருஷத்துக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. 2017ல்தான் முறையான ஆல்பமாக வந்தது. நல்ல கச்சேரிதான், சந்தேகமில்லை. ஆனால் மோசமாகப் பதிவானதும் பதிவாகாமலே போனதும் இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. அச்சேறியதை வைத்துக்கொண்டு இலக்கியச் சரித்திரம் எழுதும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

நான் இவர்களிடம் வந்தது கடத்தின் வழியாக. குழுவின் தாளக்காரர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1991ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் விக்கு விநாயகராம் வாசித்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு, யார் இந்த ஹார்ட் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்ததை அறிந்த நண்பர் ஒருவர், தன் அலமாரியிலிருந்து ஒரு பெட்டிக் காஸெட்டைக் கொண்டுவந்து வைத்தார். எண்பதுகளின் பிற்பாதியில் அமெரிக்காவில் படித்தபோது அவரே பதிவு செய்தவை. திருச்சிக்குத் திரும்பிய பிறகு ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை என்றார்.

பதிவு செய்பவனுக்கு ஒரு ஒழுக்கம் உண்டு என்று அவர் சொல்லித்தான் தெரியும். கை தட்டக் கூடாது. கூடப் பாடக் கூடாது. பக்கத்தில் இருப்பவனோடு பேசக் கூடாது. மைக்குக்கு அருகில் எழும் சத்தம்தான் பெரிதாக விழும். முகம் தெரியாத நூறு பேர் பின்னால் கேட்கப்போகிற டேப் அது. சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆடிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு கூட்டம் அசையாமல் நிற்கும். எல்லோரும் பெரிதாகச் சொல்லும் ஒரு கச்சேரியைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கு நான் எதையும் கேக்கலை. முள்ளு சிவப்புக்குப் போகுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அவரோடு போன அறைத்தோழன் முன்னால் போய் ஆடினான். ஒரு பாட்டு அரை மணி நேரம் போயிற்று என்று அவன் இன்றுவரை சாதிக்கிறான். காஸெட்டில் அது 14 நிமிஷம். நண்பர் அவனைத் திருத்தியதில்லை. "அவன் அங்க இருந்தான். நான் மெஷினோட இருந்தேன்."

அந்தக் கச்சேரியைக் கேட்டுவிட்டு என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். அங்கே இல்லாதவன் அங்கே இருந்தவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாகச் சொன்னேன். இரண்டாம் பகுதியின் நடுவில் மற்றவர்கள் இறங்கிப் போக, தாளக்காரர்கள் இருவரும் தனியாக வாசிப்பது வழக்கம். நம் தனி ஆவர்த்தனத்தின்போது காபிக்கு எழுந்து போகிறவர்களைப் போல அங்கேயும் அப்போது எழுந்து போகிறவர்கள் உண்டு. அது முடிந்ததும் கிதார்கள் தாளமே இல்லாமல் எதையோ தேடிக்கொண்டு வரும். 90 நிமிஷக் காஸெட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம். சரியாக இந்த இடத்தில் பக்கம் தீர்ந்திருக்கிறது. தாளம் தேய்ந்துகொண்டிருக்கும்போதே டேப் நிற்கிறது. மறு பக்கம் தொடங்கும்போது கிதார் ஏற்கனவே எங்கோ போய்விட்டிருக்கிறது. இங்கே ஒரு பத்து விநாடி இல்லை என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

காஸெட்டைத் திருப்பிப் போடும் நேரம் முள் விழுந்துவிடும், பார்க்க ஒன்றுமில்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க அவர் நிமிர்ந்திருக்கிறார். தோலின் அதிர்வு அடங்கவில்லை, கிதார் இன்னும் தொடவில்லை. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது என்றார். பிறகு இடது பக்கத்திலிருந்து ஒரே ஒரு தந்தி. அது எந்தச் சுரம் என்றுகூடச் சொன்னார். சரிபார்க்க வழியில்லை, வேறு யாராவது அன்று பதிவு செய்த டேப் எங்காவது இருக்கலாம். அதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2024 அக்டோபரில் குழுவின் பாஸ் வாசிப்பாளர் ஃபில் லெஷ் இறந்தபோது நண்பரைக் கூப்பிட்டேன். மற்றவர்களைப் போல அவரும் தேதிகளைச் சொல்ல ஆரம்பித்தார், ஊர்களை, சாப்பிட்ட கடைகளை. காஸெட்டுகள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாட்டு முடிந்ததும் தூரத்திலிருந்து கைதட்டல் எழுந்து வருகிறது. மைக்குக்குப் பக்கத்தில் சத்தமே இல்லை. நண்பர் நின்றிருந்த இடம் அது.