அறுபதோடு நின்ற ரயில்

திருக்கடையூரில் ரயில்வே ஸ்டேஷன் இருந்தது என்றால், அறுபதாம் கல்யாணத்துக்கு வேன் பிடித்து வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். இருந்தது. மாயவரத்தில் புறப்பட்டு மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போகிற மீட்டர் கேஜ் பாதை அது. மொத்தமே முப்பது கிலோமீட்டர் சுமாருக்குத்தான். 1926இல் ஓடத் தொடங்கியது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் சஷ்டியப்தபூர்த்தி செய்துவைக்கிற அபிராமி சந்நிதி வழியாக ஓடிய ரயிலுக்கும் கணக்காக அறுபது வயது! சதாபிஷேகம் வரை விட்டுவைக்க யாருக்கும் மனசில்லை.

அதன் ஜாதகமே கொஞ்சம் கோணல்தான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கும் கப்பலும் ரயில் இருக்கிற துறைமுகத்தைத்தானே தேடிப் போகும்? தரங்கம்பாடி படுத்துவிட்டது. 1915இல் காந்தி தில்லையாடிக்கு வந்தபோதுகூட இந்தப் பக்கம் தண்டவாளம் கிடையாது. கடைசியில் ரயில் வந்து சேர்ந்தபோது, கப்பலில் ஏற்ற ஒன்றும் மிச்சமில்லை.

அதனால் அது கிராமத்து ரயிலாகவே இருந்தது. மீன்கூடைக்காரிகள், மாயவரத்தில் படிக்கிற பையன்கள், கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிற மிராசுதார்கள் எல்லாருக்கும் அதே பெட்டிதான். ஓடுகிற வேகத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் செய்யும் கேலிக்கு அளவில்லை. ஆனால் கேலி செய்தவர்கள்தான் அதற்காக இன்னும் ஏங்குகிறார்கள்.

பக்கத்திலேயே தார் ரோடு; வாசலில் நிற்கிற பஸ். போட்டியில் ரயில் தோற்றதில் ஆச்சரியமில்லை. நஷ்டம் என்று கணக்கு எழுதுவதும் சுலபம். அந்தக் கணக்கில் மீன்கூடைக்கு வரவுப் பத்தியே கிடையாது என்பதுதான் என் வருத்தம்.

பக்கத்துப் பேரளம்–காரைக்கால் பாதையும் எண்பதுகளில் மூடப்பட்டதுதான். அதை இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டுவிட்டார்கள். ஆகவே இதுவும் நடக்காத காரியமில்லை. பணம் வருகிறபோது வரட்டும். அதுவரை தண்டவாளம் கிடந்த அந்த நீள நிலத்தை யாரும் வளைத்துப் போட விடாமல் காப்பாற்றி வைத்தால் போதும்.