ராஜாவுக்கு மாதம் 22,000 ரூபாய்!

கணவர் இறந்து மூன்றாவது மாதம். சாப்பாட்டு மேஜையில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. வீட்டுக் கடன், மகளின் ப்ளஸ் டூ டியூஷன், மளிகை, கரன்ட் பில்... எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: ராஜா - 22,000.

ராஜா ஒரு குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றது. நான்கு வருடங்களுக்கு முன்பு மகள் ஆசைப்பட்டாள் என்று கணவர் வாங்கிக் கொடுத்தது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு லாயத்தில் மாதக் கட்டணம் கட்டி விட்டிருந்தார்கள். லாயத்துக்கு 18,000, லாடத்துக்கு 2,000, டாக்டர், மருந்து, இதர செலவுகள் 2,000.

விற்றுவிடலாம்தான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் விலைகூடக் கேட்டிருந்தார். ஆனால், வெடிச் சத்தம் கேட்டாலே ராஜாவுக்கு உடம்பு நடுங்கும். வயது 11தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வயதைத் தாண்டியும் வாழும்.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. லாயத்துக்குப் போய்விட்டு வந்து, பேசாமல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

``ஆறு மாசம் டைம் கொடு. செலவைப் பாதியாக்க முடியுதான்னு பார்க்கிறேன். முடியலைன்னா நீ என்னைத் தடுக்கக் கூடாது'' என்றார். அவர் ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட். கணக்கில் அவருக்கு நம்பிக்கை உண்டு.

முதலில் அவர் கை வைத்தது தீவனத்தில். தப்பும் அங்கேதான் நடந்தது.

தீவனத்தைச் சொந்தமாக வாங்கிக் கொடுத்தால் கட்டணத்தில் 7,000 குறைப்பதாக லாயத்தில் சொன்னார்கள். அவர் விசாரித்து, 4,000 ரூபாயில் முடிக்க வழி கண்டுபிடித்தார். காய்ந்த புல்லைப் பாதியாகக் குறைத்தார். ஓட்ஸை நிறுத்தினார். பதிலுக்குக் கோதுமைத் தவிடும் வைக்கோலும். மாதம் 3,000 மிச்சம்!

மூன்றாம் நாள் இரவு போன் வந்தது. ``அம்மா, ராஜா தரையைக் காலால பறிக்குது. வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. படுத்துப் புரளுது. உடனே வாங்க'' என்றார் லாயத்துப் பெரியவர்.

வயிற்றுவலி. குதிரைக்கு இது சாதாரண விஷயமில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டார். படுத்துப் புரளவிடாமல், இடையிடையே மெதுவாக நடத்தச் சொன்னார்.

மகளும் பெரியவரும் மாறி மாறி நடத்தினார்கள். மூன்று மணிக்கு மகள் சோர்ந்து உட்கார்ந்தபோது, அதுவரை ராஜாவைத் தொட்டுக்கூடப் பார்க்காத அம்மா கயிற்றைக் கையில் வாங்கினார். விடியும் நேரத்தில் ராஜா லத்தி போட்டது. சாணியைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பில் 11,000 ரூபாய்.

டாக்டர் திட்டவில்லை. விளக்கினார். ``தீவனத்தை ஒரே நாள்ல மாத்தக் கூடாதும்மா. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். குதிரைக்கு முக்கியமான சாப்பாடே புல்தான். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 கிலோ காய்ந்த புல் வேணும். பச்சைப் புல் விலை கம்மின்னு நினைப்பீங்க. அதுல முக்கால்வாசி தண்ணி. தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி. அதையே மாசக்கணக்கா கொட்டினா எலும்பே பலவீனமாகிடும்.''

அன்றிரவே நோட்டில் ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமாகப் பிரித்தார் அம்மா. இடப்பக்கம், தொடக் கூடாதவை: புல், தண்ணீர், டெட்டனஸ் தடுப்பூசி, குளம்பு வெட்டுவது, வருடத்துக்கு ஒருமுறை பல் பார்ப்பது. வலப்பக்கம், யோசிக்கலாம்.

தீவனத்தைப் பழையபடி லாயத்திடமே விட்டார். பிறகு, லாடம் அடிப்பவரிடம் பேசினார். மணலில் மட்டும் ஓடும் குதிரை, குளம்பும் உறுதியாக இருக்கிறது. அதனால் லாடம் இல்லாமல் பழக்கிப் பார்க்கலாம் என்றார் அவர். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்தால் போதும். 2,000 ரூபாய் 800 ஆனது. பூச்சி மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதற்குப் பதில், லத்தியைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னால் மட்டும் கொடுத்தார்கள். அதே லாயத்தில் குதிரை வைத்திருக்கும் மற்றவர்களோடு பேசி, டாக்டரை ஒரே நாளில் வரவழைத்து வண்டிச் செலவைப் பங்குபோட்டார்கள். அந்த 2,000, 1,200 ஆனது.

சனி, ஞாயிறு காலையில், சவாரி பழக வரும் குழந்தைகளுக்கு மகள் குதிரையைப் பிடித்து நடத்தினாள். கொட்டடியும் சுத்தம் செய்தாள். அதற்காகக் கட்டணத்தில் 2,000 குறைத்தார்கள்.

பெரிய மிச்சம் கடைசியில்தான் வந்தது. அதே லாயத்தில் சவாரி பழகும் ஒரு சிறுமியின் பெற்றோருக்குக் குதிரை வாங்க ஆசை, தைரியம் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ராஜா அவளுக்கு. மாதம் 7,500 அவர்கள் பங்கு. ``நம்பிக்கை இருக்குங்க, எழுதி என்னத்துக்கு?'' என்றார் அந்தத் தந்தை. அம்மா விடவில்லை. எந்தெந்த நாள், எவ்வளவு நேரம், திடீர் வைத்தியச் செலவு வந்தால் யாருக்கு எவ்வளவு, விலக நினைத்தால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும்... எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்று நாளை விட்டுக்கொடுப்பதுதான் மகளுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம், வேறொருத்தி ராஜா மீது ஏறுவதை வேலி ஓரம் நின்று பார்த்தாள். அப்புறம் தானே போய், ``கடிவாளத்தை இழுக்காத பாப்பா, அவனுக்கு வாய் வலிக்கும்'' என்று சொல்லிக்கொடுத்தாள்.

ஆறாம் மாதம் கணக்கு 10,500-ல் வந்து நின்றது. பாதிக்கும் கீழே.

``அடுத்த ஜூன்ல நான் காலேஜ் போயிட்டா என்னம்மா பண்றது?'' என்று கேட்டாள் மகள்.

``அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்'' என்றார் அம்மா. புதன்கிழமை சாயங்காலங்களில் ஆபீஸ் முடிந்து அவர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பையில் இரண்டு கேரட்டோடு லாயத்துக்குப் போய்விடுகிறார். கேரட் கணக்கு மட்டும் அந்த நோட்டில் இல்லை.