டென்ஷனா? மல்லாங்கிணற்றுக்கு ஒரு டிக்கெட்!

செமஸ்டர் நெருங்குது. ஒரு பக்கம் அரியர், இன்னொரு பக்கம் பிளேஸ்மென்ட். ராத்திரி ரெண்டு மணிக்கும் தூக்கம் வராம செல்போனைத் தேய்ச்சுக்கிட்டே கிடக்கிற பார்ட்டியா நீங்க? அப்ப வாங்க, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். கொடைக்கானல் இல்லை, குற்றாலமும் இல்லை. அருவி கிடையாது, போட்டிங் கிடையாது. ஊர் பேரு மல்லாங்கிணறு!

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் சொந்த ஊர்னு சொன்னா, இலக்கியம் படிக்கிறவங்களுக்குச் சட்டுனு பிடிபடும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடிங்க. ரெண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவே சீமைக்கருவேலம், அங்கங்கே பனை. முழுக்க மானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தா பருத்தி, சோளம், கம்பு, மல்லின்னு காடு நிறையும். ஏமாத்திட்டா வெடிச்சுக் கிடக்கும்.

மழையை நம்பின ஊர்னா, வேலை இல்லாத மாசங்களும் உண்டுன்னு அர்த்தம். ஆனா அந்த மாசங்களிலும் இந்தப் பக்கத்துப் பெண்களின் கை சும்மா இருந்ததில்லை. பனை ஓலையில் பெட்டி முடைவாங்க. நைஞ்சு போன நூல்சேலைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நூலோட்டிப் படுக்கை விரிப்பு தைப்பாங்க. அப்புறம் பிளாஸ்டிக் வயர் வந்தது. பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண்ணுன்னு விதவிதமா கூடை பின்ன ஆரம்பிச்சாங்க. உங்க அம்மாவோ அத்தையோ காலேஜ் லீவில் பின்னின கூடை ஒண்ணு இன்னமும் உங்க வீட்டு அடுப்படியில் வெங்காயம் சுமந்துட்டு இருக்கலாம். போய்ப் பாருங்க!

அந்தப் பழஞ்சேலை விரிப்பைத்தான் வெள்ளைக்காரங்க 'க்வில்ட்'னு சொல்றாங்க. வங்காளத்தில் அது காந்தா, மகாராஷ்டிராவில் கோதடி. பேருதான் வேற. பல ஊரிலும் வீணாப் போற துணியிலிருந்து பிறந்ததுதான்.

"எதுக்கு அப்பத்தா இவ்வளவு மெனக்கெடுறீங்க? கடையில வாங்கிக்கலாம்ல?"ன்னு திண்ணையில் இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. "சும்மா உக்காந்தா மனசு கண்டதையும் நினைக்கும்யா"ன்னு ஒரே வரியில் சொல்லிடுவாங்க.

அப்பத்தா சொன்ன இதே விஷயத்தைத்தான் ஆராய்ச்சியாளர்களும் தேடிப் போனாங்க. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் க்வில்ட் தைக்கும் ஒரு குழுவிடம் பேசி எடுத்த ஆய்வு 2012-ல் வெளியானது. தைக்கும்போது கவலை மறக்குது, முடிச்சதும் ஒரு பெருமிதம் வருது, இருண்ட குளிர்காலத்தில் துணியின் நிறங்களே தெம்பு தருதுன்னு அவங்க சொன்னாங்க. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்கள் பதில் சொன்னாங்க. அடிக்கடி பின்னுறவங்கதான் அமைதியும் சந்தோஷமும் கிடைக்குதுன்னு அதிகமா சொல்லியிருந்தாங்க. பின்னுறதால் சந்தோஷமா, சந்தோஷமா இருக்கிறவங்கதான் பின்னுறாங்களான்னு ஒரு சர்வேயை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. ஆனாலும் காரணங்களை ஊகிக்கிறது கஷ்டமில்லை. ரெண்டு கையும் வேலையில் இருந்தா செல்போனைத் தொட முடியாது. தப்பாப் போன தையலைப் பிரிச்சு மறுபடி போடலாம். பரீட்சையில் அது நடக்குமா? எல்லாத்துக்கும் மேல, எவ்வளவு முடிச்சோம்னு கண்ணால் பார்க்கலாம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா, தலையைக் குனிஞ்சு தைச்சுக்கிட்டே, முகம் பார்த்துச் சொல்ல முடியாததையும் சொல்லிடலாம்.

அடுத்து திருச்சுழிக்கு ஒரு எட்டு. குண்டாற்றங்கரை ஊர். 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு இங்கே 'சுந்தர மந்திரம்'ங்கிற பேரில் இருக்கு. தியானம்னாலே கண்ணை மூடி உட்கார்றதுதான்னு நினைக்கிறோம். ஆனா 16 வயசில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த இந்த ஊர்க்காரர், அங்கே இலை தைத்தார், கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றினார், புத்தகம் பைண்டிங் செய்தார். ஊசி இல்லாதபோது முள்ளில் துளை போட்டு, அந்தத் துணியிலிருந்தே நூல் உருவி, தன் கிழிஞ்ச துணியைத் தைச்சுக்கிட்டார்னும் சொல்வாங்க. பலனை எதிர்பார்க்காம வேலை செய்றது எப்படின்னு ஒருத்தர் கேட்டப்போ, பதில் சொல்லாம ஒரு முள்கம்பை எடுத்து மணிக்கணக்கில் செதுக்கி, வழவழப்பாக்கி, தன் கோலைத் தொலைச்சுட்டு நின்ன ஆடு மேய்க்கிற பையன்கிட்ட கொடுத்துட்டார்னு ஒரு சம்பவமும் உண்டு.

கிளம்புறதுக்கு முன்னாடி அருப்புக்கோட்டையையும் பார்த்துடுங்க, இல்லேன்னா கதை பாதிதான். பரம்பரையா நெசவு நடக்கிற ஊர். சேலைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக் கைத்தறியில் உட்கார்ற நெசவாளிகிட்ட போய், "இது மனசுக்கு ரொம்ப நல்லதாமே?"ன்னு கேட்டுடாதீங்க! கால் மிதிக்க, கை நாடாவைத் தள்ள, நாளெல்லாம் குனிஞ்சே இருந்தா முதுகு வலிதான் மிஞ்சும். அதே கை, அதே நூல். ஆனா கூலிக்கணக்கும் கெடுவும் உள்ளே வந்துட்டா அது பிழைப்பு. அப்பத்தாவுக்கு நிம்மதி கொடுத்தது ஊசி மட்டும் இல்லை. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத அந்த மத்தியான நேரமும், பக்கத்தில் உட்கார்ந்த நாலு பேரும்தான். கைத்தறிச் சேலையைப் பேரம் பேசாம வாங்குறது நாம செய்யக்கூடிய சின்ன மரியாதை.

அதனால ஊருக்குத் திரும்பினதும் ஒண்ணு செய்ங்க. ஹாஸ்டல் போர்வையில் ஒரு கிழிசல் இருக்கும். ரூம்மேட்டையும் கூப்பிட்டு உட்கார வெச்சு, ஊசி நூலோட அரை மணி நேரம் கொடுங்க. கோணல்மாணலா வந்தாலும் பரவாயில்லை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. லைக் எண்ண ஆரம்பிச்சா அதுவும் பரீட்சை ஆகிடும்!

சீரியஸா ஒரு விஷயம்: வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துடலாம்னு தோணுதுன்னா அது ஊசி நூலால் தீர்ற விஷயம் இல்லை. 14416-க்குப் போன் பண்ணுங்க. மத்திய அரசு 2022-ல் தொடங்கின டெலி மானஸ் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம். கிழிசல் பெருசானா தையல்காரர்கிட்ட போறதில்லையா? அது மாதிரிதான் இதுவும். வெட்கமே வேண்டாம்.

சரி, அந்தப் போர்வை எங்கே இருக்கு?